உறுமிக் குச்சி ஏன் மங்கலாகத் தெரிகிறது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற வாரம் நம் பத்திரிகையில் வந்த உறுமி மேளப் படத்தை ஒரு வாசகர் குறைசொல்லி எழுதியிருந்தார். குச்சி மங்கலாகத் தெரிகிறதாம், பழைய கேமராவாக இருக்குமாம். சுங்கை சிப்புட்டில் ஸ்டூடியோ வைத்து, தோட்டக் கோயில் திருவிழாக்களைப் படமெடுத்தே பிழைப்பவன் என்ற உரிமையில் நாலு வார்த்தை.

வாசிப்பவரின் முகத்தைப் பாருங்கள். விபூதிக்கு நடுவே வியர்வை வழிந்த கோடுகூடத் தெளிவாக இருக்கிறது. கேமரா ஆடியிருந்தால் முகமும் கலைந்திருக்கும். அசைந்தது குச்சிதான். கேமராவுக்குள் வெளிச்சத்தை விடும் கதவான ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தில் அது எவ்வளவு தூரம் போகிறதோ, அவ்வளவுக்குப் படத்தில் இழுபடும். விநாடிக்கு 3 மீட்டர் வேகம் என்று வைத்துக்கொண்டால், 1/30 விநாடியில் 10 சென்டிமீட்டர், 1/1000 விநாடியில் 3 மில்லிமீட்டர். எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய கேமராவுக்கும் இதே கணக்குதான். கை நடுக்கத்தைச் சரிக்கட்டும் வசதி இப்போது கைப்பேசியிலேயே இருக்கிறது. அது படம் எடுப்பவர் கைக்குத்தான் உதவும், உறுமிக்காரர் கையை நிறுத்தாது.

சரி, 1/1000 வைத்தே எடுத்திருக்கலாமே என்பார். இராத்திரி பூஜை, டியூப்லைட் வெளிச்சம். கேமரா வெளிச்சத்தை எவ்வளவு கூட்டிக்காட்ட வேண்டும் என்று வைக்கும் எண்தான் ஐஎஸ்ஓ. 1/30க்கு அது 400 போதுமென்றால், லென்ஸ் திறப்பை மாற்றாமல் 1/1000க்குப் போக ஏறக்குறைய 12800 வேண்டும். படமெங்கும் புள்ளி பூத்துவிடும். ஃபிளாஷ் அடித்தால் குச்சி நிற்கும், ஆனால் சாம்பிராணிப் புகை வெள்ளையாக எழுந்து முகத்தை மறைக்கும். அப்படியே எல்லாம் கூடிவந்தாலும், குச்சியைத் தோலுக்கு மேல் ஒட்டவைத்தது போலிருக்கும். அடி விழுகிற வேகம் எங்கே?

என் அண்ணன் மகன் கோலாலம்பூரில் அனிமேஷன் படிக்கிறான். கணினி வரையும் ஒவ்வொரு ஃபிரேமும் கத்திபோல் கூர்மையாக வருவதால், ஓடவிட்டால் அசைவு வெட்டி வெட்டித் தெரியுமாம். அதனால் பிளெண்டர் என்ற அனிமேஷன் மென்பொருளில் மோஷன் பிளரை, அதாவது அசைவு மங்கலை, வேண்டுமென்றே போடுகிறார்கள். ஷட்டர் 0.5 என்றால் ஃபிரேமின் பாதி நேரம். விநாடிக்கு 24 ஃபிரேம் ஓடினால் 1/48 விநாடி. சினிமாக் கேமராவிலும் வழக்கமாக இதே அளவுதான். கணினி படத்தை வரைந்து முடிக்கும் ரெண்டருக்குக் கூடுதல் நேரம் கொடுத்து அவர்கள் வரவழைப்பதைத்தான் நம் வாசகர் கோளாறு என்கிறார்.

தமிழ்ப்பள்ளி ஓட்டப்பந்தயத்தில் முதலில் வந்த பிள்ளையின் முகமே அடையாளம் தெரியாமல் போனால் அது வேறு விஷயம். பட்டப்பகலில் 1/500 விநாடியைவிட மெதுவான ஷட்டருக்கு இறங்க வேண்டிய அவசியமே இல்லை.

வாசகர் படங்களை வெளியிடும்போது, அனுப்பியவர் ஊரோடு ஷட்டர் வேகத்தையும் கீழே போடுங்கள். கைப்பேசிப் படத்திலும் அந்த விவரம் பதிவாகியிருக்கும், கேட்டால் அனுப்பிவிடுவார்கள்.

இப்படிக்கு,
ஸ்டூடியோக்காரர்,
சுங்கை சிப்புட், பேராக்.