கேட்கிற மென்பொருளைக் கொடுங்கள், இல்லையென்றால் கேட்காதீர்கள்: காட்சித் தொடர்பியல் துறைக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய முதல்வர் அவர்களுக்கும், காட்சித் தொடர்பியல் துறைத் தலைவர் அவர்களுக்கும், பாடத்திட்டக் குழு உறுப்பினர்களுக்கும்,

வணக்கம்.

நான் உங்கள் துறையின் பழைய மாணவன். இப்போது சிவகாசியில் ஓர் ஆப்செட் அச்சகத்தில் டிசைன் வேலை பார்க்கிறேன். என் தங்கை உங்களிடம் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். போன செமஸ்டர் செய்முறைத் தேர்வில் நடந்ததை நான் திரும்பச் சொல்ல வேண்டியதில்லை. எட்டு மாணவர்களின் வேலையை "போட்டோஷாப் ஃபைல் இல்லை, இல்லஸ்ட்ரேட்டர் ஃபைல் இல்லை, வெறும் பிடிஎஃப்பை வைத்துக்கொண்டு என்ன செய்வது" என்று ஓரமாக வைத்ததும், பெற்றோர் வந்து கேட்டபோது "சிலபஸில் போட்டிருப்பதில்தான் செய்ய வேண்டும்" என்று பதில் வந்ததும் உங்கள் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்.

சரி, சிலபஸை நானும் எடுத்துப் பார்த்தேன். படம் திருத்தப் போட்டோஷாப், வரைய இல்லஸ்ட்ரேட்டரும் கோரல்டிராவும், பக்கம் அமைக்கப் பேஜ்மேக்கர். முதல் மூன்றும் காசு கொடுத்து வாங்க வேண்டியவை. நான்காவதைக் காசு கொடுத்தாலும் வாங்க முடியாது. இவற்றில் ஒன்றுக்காவது துறையிடம் முறையான உரிமம் இருக்கிறதா? ஆண்டுதோறும் ஆய்வகக் கட்டணம் வாங்குகிறீர்கள். ரசீதில் அதற்குத் தனி வரியே இருக்கிறது. அதனால் கேட்கிறேன்.

என் கோரிக்கை சின்னதுதான். மாணவரிடம் எந்த மென்பொருளைக் கேட்கிறீர்களோ, அதை உரிமத்தோடு ஆய்வகத்தில் கொடுங்கள். கொடுக்க முடியாது என்றால் அதைக் கேட்காதீர்கள். எதில் செய்து வந்தாலும் வேலையைப் பார்த்து மதிப்பெண் போடுங்கள்.

இப்போது என்ன நடக்கிறது என்பதை நாசூக்கில்லாமல் சொல்லிவிடுகிறேன். முதல் செமஸ்டர் தொடங்கியதும் ஆய்வகத்தில் திருட்டுப் பிரதிகளோடு ஒரு பென்டிரைவ் சுற்ற ஆரம்பிக்கும். நான் படித்தபோதும் சுற்றியது, இப்போதும் சுற்றுகிறது. அதோடு வாய்மொழியாக ஒரு பாடமும் வரும்: ஆன்டிவைரஸை ஆஃப் பண்ணு, நெட்டைக் கட் பண்ணு, உரிமப் பூட்டை உடைக்கும் கிராக் ஃபைலை ரன் பண்ணு, அப்டேட் கேட்டால் மட்டும் கொடுத்துவிடாதே. பதினேழு, பதினெட்டு வயதுப் பிள்ளைக்கு நாம் சொல்லிக்கொடுக்கும் முதல் டிசைன் பாடம் இதுதான். தங்கையின் வகுப்பில் ஒரு பெண், சாத்தூர்ப் பக்கம், அப்பா தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்க்கிறார். தவணையில் வாங்கிய லேப்டாப். அவளும் சொன்னபடியே செய்தாள். ஒரு வாரத்தில் ஒரு ஃபைலும் திறக்கவில்லை. ஒவ்வொன்றின் பெயருக்குப் பின்னாலும் புரியாத நான்கு எழுத்து ஒட்டிக்கொண்டிருந்தது. கூடவே, டாலரில் பணம் கட்டினால் பூட்டைத் திறந்துவிடுகிறோம் என்று ஒரு குறிப்பு. அந்த ஆண்டு வரைந்ததெல்லாம் போயிற்று. வீட்டு போட்டோக்களும் போயின. லேப்டாப்பை என்னிடம்தான் கொண்டுவந்தார்கள். எல்லாவற்றையும் அழித்து விண்டோஸை மறுபடி போட்டுக் கொடுப்பதைத் தவிர என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை. அவள் அப்பா "தவணை இன்னும் முடியலையே தம்பி" என்று மட்டும் சொன்னார்.

அந்தப் பெண் அதற்குப் பிறகு கிராக் பக்கமே போகவில்லை. இங்க்ஸ்கேப் என்ற இலவச வரைகலை மென்பொருளைத் தானே கற்றுக்கொண்டாள். தேர்வில் ஓரமாக வைக்கப்பட்ட எட்டில் அவளுடையதும் ஒன்று.

இதில் எனக்குப் பொறுக்காத இன்னொன்று உண்டு. உங்கள் பாடத்திட்டத்தில் ஊடகச் சட்டமும் அறமும் ஒரு தாள். பதிப்புரிமைச் சட்டம், 1957, அதில் வருகிறது. அந்தச் சட்டத்தின் 63பி பிரிவை ஆசிரியர்கள் ஒருமுறை நிதானமாகப் படிக்க வேண்டுகிறேன். திருட்டுப் பிரதி என்று தெரிந்தே ஒரு கணினி மென்பொருளைப் பயன்படுத்தினால் 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறை, 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம் என்று அது சொல்கிறது. லாப நோக்கம் இல்லாவிட்டால் சிறையை விட்டு அபராதத்தோடு நிறுத்திக்கொள்ள நீதிமன்றத்துக்கு இடம் உண்டு. அந்த அளவில் மாணவர்கள் பிழைத்தார்கள். காலையில் அந்தத் தாளுக்கு வகுப்பு, மதியம் பென்டிரைவோடு லேப். செய்முறைப் பயிற்சி என்றால் இதுதான் போல.

"மாணவர்களே சந்தா கட்டிக்கொள்ளட்டும்" என்று ஓர் ஆசிரியர் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். போட்டோஷாப்பையும் இல்லஸ்ட்ரேட்டரையும் விற்கும் அடோபி நிறுவனம் 2012இல் வெளியிட்ட சிஎஸ்6தான் ஒரே தடவை காசு கொடுத்துச் சொந்தமாக்கிக்கொள்ளக் கூடிய கடைசித் தொகுப்பு. 2013க்குப் பிறகு புதுப் பதிப்பு வேண்டுமென்றால் சந்தாதான். மாணவர் சலுகை இருக்கிறது, உண்மை. ஆனால் முதல் ஆண்டு ஒரு விலை, அடுத்த ஆண்டு வேறு விலை. மாதாமாதம் கட்டும் ஆண்டுத் திட்டத்தை நடுவில் நிறுத்தினால் அதற்கும் காசு. இந்த ரத்துக் கட்டணத்தை ஒளித்துவைத்தார்கள் என்றுதான் அமெரிக்க அரசே 2024 ஜூனில் அந்த நிறுவனத்தின் மேல் வழக்குப் போட்டது. அதைத் தீப்பெட்டி ஆபீஸ் சம்பளத்தில் கட்டச் சொல்கிறோம்.

பேஜ்மேக்கர் கதை தனி. அதன் கடைசிப் பெரிய பதிப்பான 7.0 வந்தது 2001இல். இன்றைக்கு உங்கள் வகுப்பில் இருக்கும் பிள்ளைகள் அப்போது பிறக்கவேயில்லை. இன்று போனிலும் இணையத்திலும் தமிழ் எழுதப் பயன்படும் பொதுக் குறியீடான யூனிகோட் அதற்குத் தெரியாது. ஆனால் தேர்வில் தமிழ்ச் சிற்றேட்டுக்குக் கொடுத்த கட்டுரை யூனிகோடில் இருந்தது. ஒட்டிப் பார்த்தால் பக்கம் முழுக்கக் கேள்விக்குறி. உடனே "பாமினியில் அடித்துக்கொள்ளுங்கள்" என்று உத்தரவு. பாமினி என்பது யூனிகோட் அல்லாத பழைய எழுத்துரு. அதில் 'அம்மா' என்று வர எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று தட்ட வேண்டும். போனில் தமிழ் தட்டிப் பழகிய பிள்ளைகளுக்கு இது எங்கிருந்து தெரியும்? மூன்று மணி நேரத் தேர்வில் பாதி நேரம் தட்டச்சிலேயே போயிருக்கிறது. தமிழக அரசு யூனிகோடை ஏற்று ஆணை போட்டது 2010இல். உங்கள் ஆய்வகத்துக்கு அந்தத் தபால் இன்னும் வந்து சேரவில்லை போலிருக்கிறது.

அச்சகத்தில் நாங்கள் என்ன கேட்கிறோம் என்றும் சொல்கிறேன். வெளியிலிருந்து வேலை வந்தால் எதில் செய்தாய் என்று யாரும் விசாரிப்பதில்லை. பிடிஎஃப் இருக்கிறதா, வெட்டும்போது ஓரம் வெள்ளையாகத் தெரியாமல் இருக்கச் சுற்றிலும் 3 மில்லிமீட்டர் பிளீட் விட்டிருக்கிறதா, எழுத்துரு இல்லாமலே திறக்கும்படி எழுத்தையெல்லாம் கர்வ் ஆக்கியாயிற்றா, படம் 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி) இருக்கிறதா என்று பார்ப்போம். அவ்வளவுதான். தங்கையின் சிற்றேட்டை நான் பார்த்தேன். ஸ்கிரைபஸ் என்ற இலவசப் பக்க வடிவமைப்பு மென்பொருளில் செய்தது. பிளீட் சரியாக இருந்தது, கறுப்பு எழுத்து ஒற்றைக் கறுப்பு மையிலேயே இருந்தது. அப்படியே அச்சுப் பிளேட்டுக்கு அனுப்பலாம். அதற்குத்தான் பாதிக்கும் கீழே மதிப்பெண்.

இலவச மென்பொருள் எல்லாவற்றையும் தீர்த்துவிடும் என்று நான் சொல்லவில்லை. இங்க்ஸ்கேப்பில் இருந்து வரும் பிடிஎஃப், திரைக்கான நிறமுறையான ஆர்ஜிபியில் வரும். அச்சுக்கு மாற்றும்போது கறுப்பு எழுத்து நான்கு நிறமாகப் பிரிந்து, நிறங்கள் ஒன்றன்மேல் ஒன்று பதிவது கொஞ்சம் நகர்ந்தாலும் ஓரத்தில் நிழல் தட்டும். படம் திருத்தும் இலவச மென்பொருளான ஜிம்ப்பில் அச்சுக்கான நிறம் எப்போதும் தகராறுதான். அந்த வேலைக்கு இன்னோர் இலவச மென்பொருளான கிரிட்டா தேவலை. சிவகாசியில் வேலை வேண்டுமென்றால் கோரல்டிரா தெரிந்தே ஆக வேண்டும், அதையும் மறைக்கவில்லை. அதற்குத்தான் கேட்கிறேன்: நாலைந்து கோரல் உரிமமாவது வாங்கி முறை வைத்துப் பழகவிடுங்கள். மற்றதற்கு வழி இருக்கிறது. 2024 தொடக்கத்தில் வந்த ஸ்கிரைபஸ் 1.6 தமிழ் எழுத்தைக் கொம்பு, கால் சிதறாமல் கோக்கிறது. இணைய டிசைன் நிறுவனமான கேன்வா வாங்கிய அஃபினிட்டி என்ற டிசைன் மென்பொருள் 2025 அக்டோபரில் இருந்து இலவசம். கேன்வாவில் ஒரு கணக்கு இருந்தால் போதும். எழுத்துருவுக்கும் பஞ்சமில்லை. முக்தா மலர், கேட்டமரன், அனெக் தமிழ், நோட்டோ என்று கூகுள் ஃபாண்ட்ஸில் திறந்த உரிமத்தில் கிடக்கின்றன. மீரா இனிமை என்ற தமிழ் எழுத்துருவைத் தந்தது மலையாளக் கணிமைக் குழு ஒன்று என்பதையும் சொல்லிவைக்கிறேன். அதே கேரளத்தில் அரசுப் பள்ளிப் பிள்ளைகள் ஜிம்ப்பையும் இங்க்ஸ்கேப்பையும் பாடப்புத்தகத்திலேயே படிக்கிறார்கள். நம் கல்லூரியில் அதே இங்க்ஸ்கேப்பில் செய்து வந்தால் ஃபெயில்.

படிக்கப் பொருள் இல்லை என்றும் சொல்ல முடியாது. மும்பை ஐஐடியின் வடிவமைப்புப் பள்ளியான ஐடிசி முன்னின்று நடத்தும் டிசோர்ஸ் தளத்தில் எழுத்துருவியல், நிறம், வடிவமைப்பு எல்லாவற்றுக்கும் இலவசப் பாடங்கள் இருக்கின்றன. துறை நூலகத்தில் நான் படித்தபோது இருந்த கோரல் 12 கைடு இன்னும் அதே அலமாரியில் இருக்கிறதாம். தங்கை சொன்னாள்.

பணம் இல்லை என்ற பதிலை மட்டும் தயவுசெய்து சொல்லாதீர்கள். கல்லூரிகளுக்குத் தரமதிப்பீடு கொடுக்கும் நாக் குழு வருகிறது என்றதும் நுழைவாயிலுக்குப் புது ஆர்ச் வந்தது. ஆய்வகத்துக்கு ஏசி வந்தது, அது குழு போன மறுநாள் அணைந்தது. இந்த ஆண்டு அட்மிஷன் போஸ்டரைப் பார்த்தேன். கேன்வா டெம்ப்ளேட் என்று பார்த்தவுடனே தெரிகிறது. போகட்டும், தப்பில்லை. ஆனால் அதற்குத் திருத்தக்கூடிய ஓப்பன் ஃபைல் எங்கே என்று நிர்வாகத்தில் யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. 'விஷுவல் கம்யூனிகேஷன்' என்பதில் ஓர் எழுத்து விட்டுப்போயிருந்ததையும் யாரும் கேட்கவில்லை. அந்தப் போஸ்டர் செய்முறைத் தேர்வுக்கு வந்திருந்தால் எத்தனை மதிப்பெண் கிடைத்திருக்கும் என்று...

மன்னிக்கவும், எங்கேயோ போய்விட்டேன். எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்த துறை இது. கிரிட் என்றால் என்ன என்று கரும்பலகையில் கோடு போட்டுக் காட்டிய ஆசிரியர் ஒருவர் இன்னும் அங்கேதான் இருக்கிறார். அந்த மரியாதையோடுதான் கேட்கிறேன்.

நம்முடையது தன்னாட்சிக் கல்லூரி. பாடத்திட்டத்தை மாற்ற வேறு யாரிடமும் போய் நிற்க வேண்டியதில்லை. அடுத்த பாடத்திட்டக் குழுக் கூட்டத்தில் மென்பொருளின் பெயர்களை எடுத்துவிட்டு, மாணவர் செய்யத் தெரிந்திருக்க வேண்டிய வேலையை மட்டும் எழுதுங்கள். பேஜ்மேக்கருக்கு ஓய்வு கொடுங்கள். கேட்கிற மென்பொருளைக் கொடுங்கள், கொடுக்க முடியாததைக் கேட்காதீர்கள். அதற்கு முன்னால், ஓரமாக வைத்த அந்த எட்டு வேலைகளையும் திறந்து பார்த்து மறுபடி மதிப்பெண் போட வேண்டும் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். மதிப்பெண் பட்டியல் இன்னும் அச்சாகவில்லை என்று தெரிகிறது.

ஆய்வகத்தில் ஸ்கிரைபஸ், இங்க்ஸ்கேப், கிரிட்டா, தமிழ் எழுத்துருக்கள் எல்லாவற்றையும் நானே வந்து நிறுவித் தருகிறேன். ஞாயிற்றுக்கிழமை எங்கள் அச்சகத்துக்கு விடுமுறை. காசு வேண்டாம். ஆய்வகச் சாவியும் அட்மின் பாஸ்வேர்டும் தந்தால் போதும்.

இப்படிக்கு,
உங்கள் பழைய மாணவன்,
சிவகாசி