அசையாமல் உட்கார்ந்தால் ஆளில்லை என்று அர்த்தமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீட்டில் மின்சாரத்தை மிச்சம் பிடிப்பது பற்றித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரையில், மேசை முன் ஆள் இல்லாதபோது விளக்கும் மின்விசிறியும் தானாக நிற்க ஒரு மோஷன் சென்சர் போதும் என்ற யோசனை இருந்தது. மாடிப்படிக்கும் குளியலறைக்கும் அது போதும். மேசைக்குப் போதாது. அதை நம்பிப் பொருத்தியவர்கள் இந்நேரம் ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை கையைத் தூக்கி ஆட்டிக்கொண்டிருப்பார்கள். இவற்றைப் பொருத்தித் தருவதே எங்கள் தொழில் என்பதால் சில விளக்கங்கள்.

மோஷன் சென்சர் என்று கடையில் எடுத்துக் கொடுப்பது பெரும்பாலும் பிஐஆர் வகை. கவிழ்த்த சிறு கிண்ணம் போன்ற வெள்ளை மூடி அதன் அடையாளம். அது ஆளைப் பார்ப்பதில்லை. உடல் வெப்பம் நகர்வதைத்தான் பார்க்கிறது. உள்ளே இரண்டு உணர் துண்டுகள் ஒன்றுக்கொன்று எதிராக இணைக்கப்பட்டிருக்கும். இரண்டிலும் ஒரே அளவு வெப்பம் விழுந்தால் ஒன்றை ஒன்று கழித்துவிடும், வெளியே எதுவும் வராது. ஒருவர் குறுக்கே நடக்கும்போது வெப்பம் ஒரு துண்டிலிருந்து மற்றதற்கு மாறி விழும், அப்போதுதான் சிக்னல். புத்தகம் படிப்பவரும், கணினித் திரையை முறைத்துக்கொண்டிருப்பவரும் அதன் கணக்கில் நாற்காலியோடு நாற்காலி. இன்னொரு சிக்கல் நம் ஊர் வெயில். சுற்றுப்புறத்துக்கும் உடலுக்கும் வெப்ப வித்தியாசம் இருந்தால்தான் அதற்குப் பிடிபடும். அக்னி நட்சத்திரத்தில் மொட்டை மாடிக்குக் கீழுள்ள அறையின் சுவர் 35 டிகிரியைத் தொட்டுவிடும். தோலின் மேற்பரப்பும் ஏறக்குறைய அதே சூடுதான். விசிறி அத்தியாவசியமாகிற நேரத்தில் சென்சருக்குக் கண் மங்கிவிடுகிறது.

அதற்காகப் பிஐஆரைத் தூக்கி எறிய வேண்டாம். உள்ளே வருகிற ஆளை அது கண நேரத்தில் பிடித்துவிடும். நூறு ரூபாய்க்குள் கிடைக்கும் ஹெச்சி-எஸ்ஆர்501 பலகையில் இரண்டு திருகுகள் உண்டு: ஒன்று தூரம், மற்றது சிக்னல் எவ்வளவு நேரம் நீடிக்க வேண்டும் என்பது. நேரத்தைக் குறைந்த அளவில் வைத்துவிட்டு, காத்திருக்கும் கணக்கை இஎஸ்பி32 போன்ற கட்டுப்பாட்டுப் பலகையிடம் விடுவது நல்லது. மின்சாரம் கொடுத்த முதல் ஒரு நிமிடம் அது தாறுமாறாகச் சிக்னல் தரும், பொருட்படுத்த வேண்டாம். மேசைக்கு நேர் எதிரே மாட்டாமல், வருகிறவர் அதற்குக் குறுக்கே நடக்கும்படி பக்கச் சுவரில் மாட்ட வேண்டும். வைஃபை உள்ள அந்தக் கட்டுப்பாட்டுப் பலகையோடு ஒட்டி வைத்தால் அலைவரிசையின் தொந்தரவில் ஆளே இல்லாமல் ஆள் வந்ததாகச் சொல்லும். ஒரு சாண் தள்ளி வைத்தால் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

அசையாமல் இருப்பவரைப் பிடிக்க இன்று கைக்கு எட்டும் விலையில் இருப்பது 24 கிகாஹெர்ட்ஸ் ரேடார். எல்டி2410 என்ற பெயரில் விற்கும் கட்டைவிரல் அகலப் பலகை அதற்கு நல்ல உதாரணம். அந்த அலையின் நீளம் 12.5 மில்லிமீட்டர். மூச்சு விடும்போது மார்பு சில மில்லிமீட்டர் எழுந்து தாழ்வதே அதற்குப் போதுமான அசைவு. 5 வோல்ட் வேண்டும். சராசரியாக 80 மில்லிஆம்பியர் இழுத்தாலும் 200க்கு மேல் தாங்கும் அடாப்டர் வைக்க வேண்டும், இல்லையென்றால் ஆள் இருப்பதும் இல்லாததுமாக மினுக்கும். அது கட்டுப்பாட்டுப் பலகைக்குத் தகவல் அனுப்பும் தொடர் இணைப்பின் வேகம் விநாடிக்கு 256000 பிட். பழைய இஎஸ்பி8266 பலகையில் மென்பொருள் வழியாக இதைப் படிக்க முயன்று பலர் தோற்கிறார்கள். இஎஸ்பி32 வாங்குங்கள், அல்லது ரேடாரின் அவுட் (OUT) என்ற வெளியீட்டு முனையை மட்டும் இணையுங்கள்: ஆள் இருந்தால் 3.3 வோல்ட், இல்லாவிட்டால் சுழியம். மேசைக்கு அதுவே போதும்.

இனித்தான் வேடிக்கை. ரேடாருக்கு மார்பு அசைவதும் ஒன்றுதான், விசிறி இறக்கை சுற்றுவதும் ஒன்றுதான். ரேடாரைச் சுவரில் உயரமாக மாட்டினால் விசிறி சுற்றுவதைப் பார்த்து ஆள் இருப்பதாகச் சொல்லும். ஆள் இருப்பதால் விசிறி நிற்காது. விசிறி நிற்காததால் ஆள் இருந்துகொண்டே இருப்பார். வீட்டைப் பூட்டிக்கொண்டு ஊருக்குப் போனாலும் விசிறி ஓடும். இதைத் தவிர்க்க ரேடாரைக் கணினித் திரைக்குக் கீழேயோ மேசையின் உள்விளிம்பிலோ, உட்காருபவரின் மார்பைப் பார்க்கும்படி பொருத்த வேண்டும். எல்டி2410 தூரத்தை 0.75 மீட்டர் கட்டங்களாகப் பிரித்துப் பார்க்கிறது. மொத்தம் ஒன்பது கட்டம். அதிகபட்சக் கட்டத்தை 2 என்று வைத்தால் சுமார் ஒன்றரை மீட்டரோடு பார்வை நின்றுவிடும். உட்காருபவர் அதற்குள் வந்துவிடுவார், கூரையில் தொங்கும் விசிறி வெளியே நிற்கும். மேசைக்குப் பின்சுவரில் மாட்டிய தினசரிக் காலண்டர் காற்றில் படபடப்பது, நாற்காலி முதுகில் போட்ட துண்டு, மேசைக்கு அடியில் வைத்த கணினிப் பெட்டியின் சின்ன விசிறி, இவையெல்லாம் ரேடாருக்கு மனிதர்கள்தாம். மரப் பலகையையும் ஜிப்சம் தடுப்பையும் அது ஊடுருவிப் பார்க்கும் என்பதால் தடுப்புக்கு அந்தப் பக்கம் படுத்திருப்பவரும் கணக்கில் வரலாம். இரும்பு மேசையின் தகட்டுக்குப் பின்னால் ஒளித்து வைத்தால் எதுவும் தெரியாது.

அளவு சரி செய்வதை ஊகத்தில் செய்யக் கூடாது. இந்த ரேடாருக்கான கைபேசிச் செயலியில் பொறியியல் முறை என்று ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு கட்டத்திலும் அந்த நொடியில் வரும் சக்தியை எண்ணாகக் காட்டும். விசிறியை முழு வேகத்தில் விட்டு, அறைக்கு வெளியே நின்று இரண்டு நிமிடம் எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து அசையாமல் படித்தபடி இரண்டு நிமிடம். இரண்டுக்கும் நடுவில் ஓர் எண்ணை வையுங்கள். இங்கே பெயரே ஒரு பொறி: உணர்திறன் என்று எழுதியிருந்தாலும் அது உண்மையில் தாண்ட வேண்டிய வரம்பு. எண்ணைக் கூட்டினால் ரேடார் மந்தமாகும், குறைத்தால் கூர்மையாகும். 100 வைத்தால் அந்தக் கட்டத்தில் யாருமே தெரிய மாட்டார்கள். நன்றாகத் தெரியட்டும் என்று 100 வைத்துவிட்டு, சென்சர் பழுது என்று திருப்பிக் கொடுப்பவர்கள் உண்டு. புளூடூத் உள்ள வகைக்குக் கடவுச்சொல் எல்லாப் பலகைக்கும் ஒன்றே. வேலை முடிந்ததும் மாற்றிவிடுங்கள், அல்லது புளூடூத்தையே அணைத்துவிடுங்கள்.

ரேடார் வேண்டாம் என்பவர்களுக்கு நாற்காலி மெத்தைக்குள் வைக்கும் அழுத்தப் பட்டை இருக்கிறது. காரில் சீட் பெல்ட் போடவில்லை என்று கத்த வைக்கும் அதே பட்டைதான். உள்ளே வெறும் சுவிட்ச், இரண்டு வயர். சுழலும் நாற்காலியில் வயர் இழுத்தால் ஒரு மாதத்தில் முறுக்கி அறுந்துவிடும். ஆகவே வயரில்லாமல் செய்தி அனுப்பும் ஜிக்பீ கதவு சென்சர் ஒன்றைத் திறந்து, காந்தத்துக்கு அசையும் அந்தக் கண்ணாடிக் குழல் சுவிட்சின் இரு முனையிலும் பட்டையின் இரு வயரைப் பற்றவைத்து, நாற்காலிக்கு அடியில் ஒட்டிவிடலாம். காந்தம் தேவையில்லை, உட்கார்ந்தால் கதவு மூடியது, எழுந்தால் திறந்தது. பட்டையை இருக்கையின் பின்பாதியில், இடுப்பெலும்பு அழுந்தும் இடத்தில் வைக்க வேண்டும். நடுவில் குழிந்த இருக்கையில் பட்டை வளைந்து, ஆள் இல்லாமலே அழுந்தி நிற்கும். கீழே மெல்லிய அட்டை ஒன்றைச் சமமாகப் போட்டால் சரியாகும். புத்தகப் பையை நாற்காலியில் வைக்கும் பழக்கமுள்ள வீட்டில் இதுவும் ஏமாறும். லேசர் தூரமானியும் மேசைக்கு முயன்று பார்க்கப்படுகிறது. காலி நாற்காலியின் முதுகையே ஆள் என்று எடுத்துக்கொள்வதால் எங்களுக்கு அதில் பெரிய நம்பிக்கை இல்லை.

ஒன்றை மட்டும் நம்பாமல் இணைத்தால்தான் நிம்மதி. பிஐஆர், ரேடார், இருக்கை, இவற்றில் எது ஆள் என்றாலும் உடனே போட வேண்டும். அணைக்க எல்லாமே இல்லை என்று சொல்லி, அதன்பின் விசிறிக்கு மூன்று நிமிடமும் விளக்குக்கு ஐந்து நிமிடமும் ஆக வேண்டும். இந்த விதியை இணையத்தில் எங்கோ உள்ள கணினியில் எழுதாமல் பலகையிலேயே எழுதுங்கள். மின்தடையில் ரூட்டர் படுத்துவிட்டால் இன்வெர்ட்டரில் ஓடும் விசிறியை நிறுத்தவும் ஆளிருக்காது, போடவும் ஆளிருக்காது. கணினியின் மின் இணைப்பை இந்தச் சென்சர்களின் கையில் ஒருபோதும் ஒப்படைக்க வேண்டாம்.

கட்டணம் குறையுமா என்றால், கணக்கு இதுதான். 75 வாட் விசிறி தினமும் இரண்டு மணி நேரம் வீணாக ஓடினால் இரண்டு மாத பில்லில் 9 யூனிட். பலகையும் ரேடாரும் சேர்ந்து ஒரு வாட் என்று வைத்தால், 24 மணி நேரமும் விழித்திருக்க அவையே ஏறக்குறைய ஒன்றரை யூனிட் சாப்பிடும். அதே விசிறியை மின்சாரம் குறைவாக இழுக்கும் 35 வாட் பிஎல்டிசி மோட்டார் விசிறியாக மாற்றினால், தினம் 12 மணி நேர ஓட்டத்தில் இரண்டு மாதத்துக்குச் சுமார் 29 யூனிட் மிச்சம். பணம்தான் நோக்கமென்றால் முதலில் விசிறியை மாற்றுங்கள். சென்சர் வசதிக்கு.

இதையே அலுவலக மேசைக்கு அடியில் ஒட்டினால் அது வேறு பொருளாகிவிடுகிறது. 2016 ஜனவரியில் லண்டனில் டெய்லி டெலிகிராஃப் நாளிதழ் தன் ஊழியர்களின் மேசைக்கு அடியில் இத்தகைய பெட்டிகளைப் பொருத்தி, எதிர்ப்பு கிளம்பியதும் அன்றே கழற்ற நேர்ந்தது. யார் எத்தனை மணிக்கு எழுந்தார் என்ற பட்டியல் வீட்டுக்கும் தேவையில்லை. வீட்டுக் கருவிகளை ஒருங்கே இயக்கும் ஹோம் அசிஸ்டன்ட் மென்பொருள் வைத்திருப்பவர்கள் இந்தச் சென்சரைப் பதிவிலிருந்து விலக்கிவிடலாம்.

கடைசியாக ஒரு திருத்தம், இதற்காகவே இக்கடிதத்தை எழுத நேர்ந்தது. கட்டுரையோடு வந்த படத்தில் ரிலே, அதாவது பலகையின் சிக்னலுக்கு ஏற்ப மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் சுவிட்ச், நியூட்ரல் வயரில் காட்டப்பட்டிருந்தது. அது ஃபேஸ் வயரில்தான் வர வேண்டும். நியூட்ரலைத் துண்டித்தால் விசிறி நிற்கும், ஆனால் அதன் முனையில் 230 வோல்ட் அப்படியே நிற்கும். நின்ற விசிறிதானே என்று ஏணி போட்டு ஒட்டடை அடிக்கிறவருக்கு இது தெரியாது. சுவர் சுவிட்சும் ரெகுலேட்டரும் பழையபடியே இருக்கட்டும். ரிலே அவற்றோடு தொடராக வந்தால், சென்சர் என்ன சொன்னாலும் கையால் அணைக்க முடியும். இந்த வேலையை உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனிடம் கொடுக்கும்படி ஒரு வரியும், திருத்திய படமும் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
வீட்டு மின்னணுப் பணியாளர்கள் சிலர்,
திருச்சி