வண்டிகளை அல்ல, ஆட்களை எண்ணுங்கள்

லாஸ் ஏஞ்சல்ஸ் நகர மன்ற உறுப்பினர்களுக்கு,

வணக்கம். வில்ஷயர் சாலையில் 720ஆம் எண் பஸ்ஸில் வேலைக்குப் போய்வருகிறேன். போன வாரம் ஒருநாள் காலை, பஸ்ஸில் நிற்கவே இடம் தேட வேண்டியிருந்தது. சிவப்பு விளக்கில் நின்றபோது ஜன்னல் வழியே எண்ணினேன். பக்கத்தில் ஏழு கார்கள், ஏழிலும் ஓட்டுபவரைத் தவிர யாருமில்லை. சிக்னலுக்கு அவர்கள் ஏழு வண்டி, நாங்கள் அத்தனை பேரும் சேர்ந்து ஒரே வண்டி.

1984 ஒலிம்பிக்ஸுக்காக, கொலிசியம் அரங்கைச் சுற்றிய சந்திப்புகளில் கணினி வழி சிக்னல் கட்டுப்பாட்டை இந்த நகரம் தொடங்கியது. 2013க்குள் நகரின் சுமார் 4,400 சிக்னல்களும் அதற்குள் வந்துவிட்டன. சாதனைதான், மறுக்கவில்லை. ஆனால் வண்டி வந்ததைச் சிக்னலுக்குச் சொல்ல தாருக்கு அடியில் புதைத்திருக்கும் கம்பிச் சுருளுக்கு உலோகம் மட்டுமே தெரியும். மேலே நிற்கும் வண்டிக்குள் ஒருவரா ஐம்பது பேரா என்று தெரியாது. கைத்தடி ஊன்றி ஓரத்தில் நிற்கும் பாட்டியோ அதற்கு இல்லவே இல்லை!

இப்போது சிக்னல்களைச் செயற்கை நுண்ணறிவு இயக்கட்டும் என்கிறீர்கள். சரி, வரட்டும். ஆனால் அதையும் வண்டி எண்ணவே பழக்கினால், கார்களை இன்னும் சாமர்த்தியமாக நகர்த்தும், அவ்வளவுதான். சாலை கொஞ்சம் காலியானால் இன்னும் நாலு பேர் கார் எடுப்பார்கள். 405 நெடுஞ்சாலையில் ஒரு பில்லியன் டாலருக்கு மேல் கொட்டி, 2014இல் வண்டிகள் ஓட இன்னொரு தடம் திறந்தோம். நெரிசல் போனதா?

2000இல் இதே வில்ஷயரில், பஸ் வருவது தெரிந்தால் பச்சை விளக்கைச் சில நொடிகள் நீட்டினார்கள். நிறுத்தங்களையும் குறைத்ததில் பயண நேரம் கால்வாசி குறைந்தது. அப்போது செயற்கை நுண்ணறிவு என்ற பேச்சே இல்லை. இன்று பஸ் கதவிலேயே ஏறி இறங்குவோரை எண்ணும் கருவி இருக்கிறது. அந்த எண்ணிக்கை சிக்னலுக்குப் போகட்டும். நிறைந்து வழியும் பஸ் தாமதமாக வந்தால் அதற்கு முதலில் பச்சை விழட்டும்.

பஸ்ஸுக்கான தடத்தில் காரை நிறுத்துபவர்களைப் படம்பிடிக்கும் செயற்கை நுண்ணறிவுக் கேமரா பஸ்களில் வந்துவிட்டது. அபராதம் 293 டாலர். மனிதர் ஒருவர் சரிபார்த்த பிறகே சீட்டு போகிறது என்பதால் எனக்கு அதில் வருத்தமில்லை.

2028 ஒலிம்பிக்ஸுக்கு முன் வில்ஷயரிலும் வெர்மான்ட் சாலையிலும் இதைச் சோதித்துப் பாருங்கள். சிவப்பு விளக்கில் ஒரு காருக்கு எத்தனை நொடி என்றல்ல, ஓர் ஆளுக்கு எத்தனை நொடி போகிறது என்று மாதாமாதம் வெளியிடுங்கள். அந்தப் பாட்டியையும் சேர்த்து.

இப்படிக்கு,
720ஆம் எண் பஸ் பயணி