கற்றுக்கொடுக்கும் தொழிலாளிக்கும் கூலி வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

சிறு தொழில்களைப் பற்றிப் பேசினாலே கடன், மின்கட்டணம், ஜிஎஸ்டி, ஆள் பற்றாக்குறை என்று பேச்சு போகிறது. இருக்கிற ஆட்களின் கையில் உள்ள தொழில் அடுத்தவர் கைக்குப் போகாமலே நின்றுவிடுவதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. கோவை சின்னவேடம்பட்டியில், பம்பு பாகங்கள் வார்க்கும் ஒரு சிறிய பவுண்டரியில் மணல் சோதனைப் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். அங்கே கண்டதை வைத்து இதை எழுதுகிறேன்.

சிலிக்கா மணல், பெண்டோனைட் களிமண், நிலக்கரித் தூள், தண்ணீர். உருக்கிய இரும்பை ஊற்றும் அச்சைச் செய்கிற மணலில் இருப்பது இவ்வளவுதான். எங்கள் வேலைக்கு ஈரம் 3 முதல் 4 சதவீதத்துக்குள் நிற்க வேண்டும். அளந்து பார்க்க என்னிடம் கருவி இருக்கிறது. ஆனால் மணலைக் கலக்கும் மில்லில் எடுத்தபோது 3.8 காட்டிய மணல், அச்சு செய்யும் மோல்டிங் இடத்துக்குப் போவதற்குள் 3-க்கும் கீழே இறங்கிவிடும். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் இது அதிகம். காலையில் இரும்பு ஊற்றிய அச்சுப் பெட்டிகளை உடைத்தெடுத்த மணல், சூடு ஆறாமலே மில்லுக்குத் திரும்பி வந்துவிடுகிறது. அந்தச் சூட்டில் ஈரம் ஆவியாகி, பாகத்தின் உள்ளே வெற்றிடம் விழுவதற்காக அச்சுக்குள் வைக்கும் குளிர்ந்த கோரின் மேல் படியும். அதன்மேல் இரும்பை ஊற்றினால் புளோ ஹோல், அதாவது ஆவி அடைபட்டு வார்ப்பில் விழும் ஓட்டை. ஆடிக் காற்று வீசும் நாட்களில் வேறு தொல்லை: அச்சின் மேற்பரப்பு காய்ந்து உதிர்ந்து, மணல் இரும்போடு கலந்துவிடும்.

எங்கள் மணல் மில் அண்ணனுக்கு இதெல்லாம் அத்துபடி. திரும்பி வரும் மணலில் புறங்கையை வைத்துப் பார்ப்பார். ஒரு பிடி அள்ளி இறுக்கி, இரண்டாக ஒடித்து, ஒடிந்த முனை மழுங்காமல் நிற்கிறதா, உள்ளங்கையில் மணல் ஒட்டுகிறதா என்று பார்த்துத் தண்ணீர் வால்வைத் திருப்புவார். மகளின் பிரசவத்துக்காக அவர் ஊருக்குப் போயிருந்தபோது, வார்ப்புகளைச் சுத்தம் செய்யும் பெட்லிங் பிரிவின் மூலையில் ரிஜெக்ட் ஆன பம்பு பாடிகள் குவிந்தன. கருவி இருந்தது, பதிவேடு இருந்தது, நானும் இருந்தேன்.

எங்களைப் போன்ற பல நிறுவனங்களின் அலுவலகச் சுவரில் ஐஎஸ்ஓ 9001 சான்றிதழ் தொங்குகிறது. அந்தத் தர நியமத்தின் 2015-ஆம் ஆண்டுப் பதிப்பில் 7.1.6 என்று ஒரு பிரிவு உண்டு. வேலைக்கு என்னென்ன அறிவு தேவை என்று நிறுவனம் கண்டறிய வேண்டும், அதைப் பேணிக் காக்க வேண்டும், தேவைப்படுகிறவருக்குக் கிடைக்கச் செய்ய வேண்டும் என்கிறது அது. மிக நல்ல பிரிவு. ஆனால் ஆடிட் வரும் வாரத்தில் ஆலோசகர் கொண்டுவந்து வைக்கும் ஒரு கோப்போடு அது முடிந்துபோவதைத்தான் நான் பார்த்திருக்கிறேன். மில் ஓட்டுகிறவர் சொன்ன ஒரு வரிகூட அந்தக் கோப்பில் இருக்காது.

அவரிடம் கேட்டால் சொல்ல மாட்டாரா என்பார்கள். நான் கேட்டேன். "எல்லாத்தையும் சொல்லிக் குடுத்துட்டா, நாளைக்கு என்னை எதுக்குங்க அம்மிணி வெச்சிருப்பாங்க?" என்றார். இதைப் பிடிவாதம் என்று முதலாளிகள் சலித்துக்கொள்கிறார்கள். என் பார்வையில் அது நியாயமான பயம். தீபாவளி போனஸ் பேசப் போகும்போது அவரிடம் இருக்கும் ஒரே பலம் அந்தக் கைப்பக்குவம்தான். அதை இலவசமாக ஒப்படைக்கச் சொல்ல நமக்கு என்ன உரிமை இருக்கிறது?

எங்கள் முதலாளி இதைப் புரிந்துகொண்டார் என்பதை நன்றியோடு சொல்ல வேண்டும். கற்றுக்கொடுக்கும் நேரத்துக்குத் தனிப்படி, சம்பளச் சீட்டில் 'பயிற்றுநர்' என்ற பதவி, கற்றுக்கொண்ட ஆள் தேறிவிட்டார் என்பதற்காக அண்ணனை வேலையை விட்டு எடுக்க மாட்டோம் என்று எழுத்தில் உறுதி. அதன் பிறகு அண்ணன் பேச ஆரம்பித்தார், நான் எழுத ஆரம்பித்தேன்.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், தொழிற்சாலை வாசலையே மிதித்திராதவர்களுக்கு விரைவாகத் தொழில் பழக்க அமெரிக்காவில் ஒரு பயிற்சி முறையை உருவாக்கினார்கள். போருக்குப் பின் ஜப்பானியத் தொழிற்சாலைகள் அதை இறுகப் பிடித்துக்கொண்டன. அந்த வழியில் நாங்கள் எழுதியது ஒரு தாள், மூன்று பத்திகள்: என்ன செய்ய வேண்டும், எதில் கவனம் வேண்டும், ஏன். எங்கள் தாளில் ஒரு வரிசை இப்படி இருக்கிறது: 'திரும்பி வரும் மணலைப் பார். புறங்கையை வைத்திருக்க முடியாத சூடு என்றால் மில்லில் போடாதே, ஆறப் பரப்பிய குவியலிலிருந்து எடு. ஏனென்றால் சூட்டு மணலின் ஈரம் கோரில் படிந்து ஓட்டை விழும்.' மூன்றாவது பத்திதான் உயிர். காரணம் தெரிந்த பையன், தாளில் இல்லாத சிக்கல் வரும்போதும் தானாக யோசிக்கிறான். பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த பையன்களுக்காக அதையே இந்தியில் பேசிப் பதிவு செய்தோம். வாட்ஸ்அப் குழுவில் மட்டும் விட்டுவைத்தால் போன் மாறும்போது எல்லாம் போய்விடும் என்பதால், அலுவலகக் கணினியிலும் ஒரு பிரதி இருக்கிறது.

ஒன்றிய அரசு 2023 மார்ச்சில் தொடங்கிய, சிறு, குறு, நடுத்தர நிறுவனங்களில் வீண் செலவைக் குறைப்பதற்கான லீன் திட்டத்தில், ஆலோசகருக்கு ஆகும் செலவில் 90 சதவீதத்தை அரசே ஏற்கிறது. வெளியிலிருந்து வருகிற ஆலோசகருக்குக் கொடுக்கலாம் என்றால், உள்ளேயே இருந்து தன் தொழிலைச் சொல்லித்தரும் மோல்டருக்கும், பர்னஸ் ஆபரேட்டருக்கும், மில் ஓட்டுநருக்கும் பயிற்றுநர் படியாக அதில் ஒரு பங்கு ஏன் போகக் கூடாது? திட்டத்தின் விதிகளில் இதைச் சேர்க்கும்படி தொழில் அமைப்புகள் ஒன்றிய அரசிடம் கேட்க வேண்டும். மாநிலத் தொழில் துறையும் இதற்குக் குரல் கொடுக்க வேண்டும். அதுவரை காத்திருக்க முடியாத முதலாளிகள், அடுத்த ஆண்டு ஓய்வுபெறப் போகிறவர்களின் பட்டியலை எடுத்து, அவர்களுடைய படியை இந்த மாதமே பேசி முடிக்கலாம்.

இப்படிக்கு,
மணல் சோதனைப் பிரிவுப் பொறுப்பாளர், ஒரு வாசகி,
சின்னவேடம்பட்டி, கோயம்புத்தூர்.