45 நாள்தான் கேட்கிறோம்: எங்கள் வாடிக்கையாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் எங்களிடம் மென்பொருளும் மொபைல் ஆப்பும் செய்து வாங்கும் ஆலை, குவாரி, பள்ளி, மருத்துவமனை முதலாளிகளுக்கும், முக்கியமாக உங்கள் கணக்குப் பிரிவுக்கும் வணக்கம்.

போன வாரம் உங்களில் ஒருவருடைய கணக்காளர் போன் செய்தார். அக்டோபர் பில்லுக்குப் பணம் வரப்போகிறது என்று நினைத்து, சாப்பிட்டுக்கொண்டிருந்த கையோடு எடுத்தேன். "சார், உங்க உத்யம் பதிவை கேன்சல் பண்ணிட முடியுமா? இல்லன்னா அடுத்த ஆர்டர் கொஞ்சம் கஷ்டம்" என்றார். உத்யம் என்பது குறு, சிறு நிறுவனம் என்று அரசிடம் செய்திருக்கும் பதிவு. கணக்கு வருடம் முடியும் மார்ச் மாதம் அல்லவா, ஏன் கேட்கிறார் என்பது உங்களுக்கே தெரியும். குறு, சிறு நிறுவனத்துக்குக் கெடு தாண்டியும் தராமல் வைத்திருக்கும் தொகையை அந்த வருடச் செலவாகக் காட்ட முடியாது என்று வருமான வரியில் 2024 ஏப்ரலிலிருந்து விதி இருக்கிறது. பணத்தைக் கொடுத்தால் தீர்ந்துபோகும் சிக்கல். அதற்குப் பதிலாக நான் சிறு நிறுவனமாகவே இல்லாமல் போய்விட வேண்டுமாம்.

அதனால்தான் இந்த மடல். கேட்பது ஒன்றே ஒன்று. வேலை சரியாக இருக்கிறது என்று நீங்களே ஒப்புக்கொண்ட பில்லுக்கு 45 நாளில் பணம் கொடுங்கள்.

இது நானாகச் சொல்லும் எண் அல்ல. எழுத்தில் ஒப்பந்தம் போட்டிருந்தாலும் 45 நாளைத் தாண்டக் கூடாது என்கிறது குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கான 2006-ஆம் வருட எம்எஸ்எம்இ சட்டம். ஒப்பந்தமே இல்லையென்றால் 15 நாள்தான். தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டி. இதுவரை உங்களில் ஒருவரிடமும் ஒரு ரூபாய் வட்டி நான் கேட்டதில்லை.

பழையபேட்டையில் ஒரு மாடி அறையில் 4 பேராகத் தொடங்கினோம், இன்று 19 பேர். கல்யாண வீட்டில் பார்க்கும்போது "நல்லா வளர்ந்துட்டீங்க" என்று முதுகில் தட்டுகிறீர்கள். வளர்ந்தது உண்மைதான். எங்களுக்குப் பெரிய வேலை வந்தால் பெரிய சந்தோஷம் என்று நினைக்கிறீர்கள். பெரிய வேலை என்றால் பெரிய பில், பெரிய பில் என்றால் பெரிய 20-ஆம் தேதி. அந்த 20-ஆம் தேதியைப் பற்றித்தான் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

போன மாங்காய் சீசனில் ஒரு கூழ் ஆலைக்கு எடை மேடை ஆப் செய்தோம். காவேரிப்பட்டணம் பக்கமிருந்தும் பர்கூர் பக்கமிருந்தும் பெங்களூரா மாங்காய் ஏற்றி வந்த வண்டிகள் வாசலில் வரிசைகட்டி நிற்கின்றன. எடை மேடைப் பெட்டியிலிருந்து எண்கள் தலைகீழாக வருகின்றன. 8,420 கிலோ என்பது திரையில் 0248 என்று நிற்கிறது. ராத்திரி ஒரு மணி. எங்கள் பையன் காலி கிரேட் மேல் லேப்டாப்பை வைத்துக்கொண்டு, கொசு கடிக்கக் கடிக்க, இரண்டரை மணிக்குள் சரிசெய்தான். முதல் வண்டிக்காரர் சீட்டை வாங்கி விளக்கடியில் பிடித்து இரண்டு தடவை படித்துப் பார்த்துவிட்டுத்தான் போனார். ஆலை மேலாளர் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். நன்றாகத்தான் இருந்தது.

ஜூலையில் பில் கொடுத்தோம். 6,00,000 ரூபாய், 18 சதவீத ஜிஎஸ்டி 1,08,000. பில் போட்டுவிட்டால் பணம் வந்தாலும் வராவிட்டாலும் அடுத்த மாதம் 20-ஆம் தேதிக்குள் அந்த 1,08,000-ஐ நான் கட்டியாக வேண்டும். கட்டத் தவறினால் 18 சதவீத வட்டி என் தலையில். கையில் இல்லை. வீட்டில் சங்கிலியை வாங்கிக்கொண்டு நகைக்கடன் வரிசையில் நின்றேன். நீங்கள் எனக்குத் தர வேண்டிய வரியை, நீங்கள் தருவதற்கு முன்பே, உங்கள் சார்பில் என் மனைவியின் சங்கிலி கட்டியது.

இதில் வேடிக்கை என்னவென்றால், நான் பத்து முறை கூப்பிட்டும் எடுக்காத அதே கணக்குப் பிரிவு அந்த மாதம் 14-ஆம் தேதி தானாகவே கூப்பிட்டது. "சார், உங்க பில் எங்க 2பி-யில் வரலையே?" 2பி என்பது, வாங்கியவர் எந்தெந்த பில்லுக்கு வரியைக் கழித்துக்கொள்ளலாம் என்று ஜிஎஸ்டி தளம் மாதாமாதம் காட்டும் பட்டியல். அன்றைக்குத்தான் அது வரும், பார்த்துவிட்டார்கள். அதாவது, என்னுடைய சங்கிலி கட்டப்போகும் வரியை நீங்கள் உள்ளீட்டு வரியாக, அதாவது நீங்கள் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழிவாக, எடுத்துக்கொள்வதற்கு ஒருநாள்கூடத் தாமதம் ஆகக் கூடாது. பணம் வந்தது எப்போது தெரியுமா? 176-ஆம் நாள். 180 நாளுக்குள் எங்களுக்குப் பணம் தராவிட்டால் எடுத்த உள்ளீட்டு வரியை வட்டியோடு திருப்ப வேண்டும் என்று ஜிஎஸ்டியில் விதி இருக்கிறது. ஆக, நாள் எண்ண உங்கள் ஆட்களுக்கு நன்றாகவே தெரிகிறது. 180 நினைவிருக்கிறது, 45 மட்டும் மறந்துபோகிறது.

இடையில் ஒரு மாதம் சம்பளம் 11-ஆம் தேதிதான் போட முடிந்தது. எடை மேடையில் உட்கார்ந்திருந்த அந்தப் பையன் இப்போது பெங்களூரில் இருக்கிறான். அவனைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பெங்களூர் என்றதும் இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். 90 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் கம்பெனி கொட்டேஷன் கொடுத்தால் பாதிப் பணம் முன்பணமாகப் போகிறது. அதே வேலையை உள்ளூர்க்காரன் செய்தால் "நம்ம பையன்தானே, எங்கே போயிடப் போறான்". டோல்கேட்டைத் தாண்டினால்தான் மரியாதை என்றால் நாங்களும் ஒரு போர்டை கர்நாடக எல்லை அத்திப்பள்ளியில் மாட்டிவிட்டு வரலாம். அப்புறம் அந்தச் "சின்ன மாற்றம்". முடித்துக் கொடுத்த பில்லிங் மென்பொருளில் மூன்று கிளைகளைச் சேர்ப்பது சின்ன மாற்றம். ஆப்பைத் தெலுங்கிலும் கன்னடத்திலும் கொடுப்பது சின்ன மாற்றம். "என் தங்கச்சி பையன் ஏஐ வெச்சு ரெண்டு நாள்ல பண்ணிடுவான்" என்கிறீர்கள். பண்ணட்டும். ராத்திரி ஒரு மணிக்கு எடை மேடைக்கும் அவனையே கூப்பிடுங்கள்.

மன்னிக்கவும், கேட்க வந்ததை விட்டு எங்கோ போய்விட்டேன். உங்களில் சொன்ன தேதியில் பணம் போடுபவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் இதைப் படித்து வருத்தப்பட வேண்டாம். இந்த அலுவலகத்தில் விளக்கு எரிவது அவர்களால்தான்.

சிறு நிறுவனங்களுக்குப் பணம் தாமதமானால் புகார் செய்ய அரசு வைத்த சமாதான் இணையதளத்தில் புகார் போடலாமே என்று ஆடிட்டர் சொல்கிறார். பேர்தான் சமாதான். சின்ன ஊரில் அதைப் போட்டால் மறுநாள் வருவது சண்டை. ஆகவே, கேட்டுப் பார்க்கலாம் என்றுதான் எழுதுகிறேன். ஆர்டரிலேயே ஒரு வரி சேருங்கள்: வேலையைப் பார்த்து ஒப்புக்கொண்ட தேதி எது, அதிலிருந்து பணம் தரும் தேதி எது. 45 நாளில் கொடுங்கள். சேர்க்கச் சொல்லும் மாற்றங்களுக்குத் தனி பில் ஏற்றுக்கொள்ளுங்கள். உத்யம் பதிவை ரத்துசெய்யச் சொல்லாதீர்கள், அது நடக்காது.

மே மாதம் சீசன் தொடங்குமுன் எடை மேடை ஆப்பைப் புதுப்பித்துத் தரச் சொல்லி நேற்றே போன் வந்துவிட்டது. கட்டாயம் வருகிறோம். வரும் பையன் கையில் அக்டோபர் பில்லின் நகல் ஒன்றும் இருக்கும். தயவுசெய்து அவனைக் கணக்குப் பிரிவு வரை உள்ளே விடச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
பழையபேட்டை மாடியிலிருந்து, உங்கள் ஊர்க்காரன்