கலைப்பிரிவுப் பிள்ளைகளுக்கும் வழி சொல்லுங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

உயர்தரப் பெறுபேறுகள் வந்த வாரம் தாங்கள் வெளியிட்ட கல்வி வழிகாட்டல் பக்கத்தை முழுவதும் வாசித்தேன். மருத்துவம், பொறியியல், கணினி பற்றிப் பந்தி பந்தியாக இருந்தது. கலைப்பிரிவுக்கு ஒரே ஒரு வரி: ஆசிரியர் வேலைக்கோ அரச நியமனத்துக்கோ காத்திருக்கலாமாம். திருகோணமலையில் உயர்தர வகுப்புகளுக்குப் புவியியல் படிப்பித்தவள் நான். அந்த வரியை என்னால் ஏற்க முடியவில்லை.

சமூகவியலும் உளவியலும் நம் உயர்தரப் பாடங்களில் இல்லை. வந்தாறுமூலை, யாழ்ப்பாணம், ஒலுவில் பல்கலைக்கழகங்களுக்குப் போன பிறகுதான் பிள்ளைகள் அவற்றை முதன்முதலில் காண்கிறார்கள். எதற்காக எடுக்கிறோம் என்று தெரியாமலே எடுத்து, பட்டம் முடித்து, அபிவிருத்தி உத்தியோகத்தர் என்ற அரச நியமனம் எப்போது வரும் என்று வருடக்கணக்கில் வீட்டில் இருக்கிறார்கள்.

வேலை இல்லாமலா இருக்கிறது? சிறுவர் ஒருவரின் வழக்கு நீதிமன்றத்துக்கு வந்தால், அந்தப் பிள்ளையின் வீட்டு நிலைமையை விசாரித்து அறிக்கை எழுதுவது நன்னடத்தை உத்தியோகத்தர். பிரதேச செயலகங்களில் உளவளத்துணை, சிறுவர் உரிமை, சமூக சேவை உத்தியோகத்தர்கள் இருக்கிறார்கள். போரையும் 2004 சுனாமியையும் 2006 இல் மூதூர், சம்பூர் இடப்பெயர்வையும் கண்ட மாவட்டம் இது. கணவனை இழந்த ஒரு தாய், மொழிபெயர்ப்பாளர் ஒருவரை நடுவில் வைத்துக்கொண்டு தன் மனதிலுள்ளதைச் சொல்வாளா? தமிழில் கேட்கத் தெரிந்தவர், அதையும் முறையாகப் படித்தவர் வேண்டும். சிங்களமும் பேசக்கூடியவர் என்றால் கந்தளாய்க்கும் அவர் தேவைப்படுவார்.

இந்த இடத்தில் பெற்றோருக்கு ஒன்று சொல்ல வேண்டும். உளவியலில் இளமாணிப் பட்டம் எடுத்தவுடன் ஒருவர் மருத்துவ உளவியலாளர் ஆகிவிட முடியாது. அதற்குக் கொழும்புப் பல்கலைக்கழகம் நடத்துவது போன்ற பட்டமேற்படிப்பும் இலங்கை மருத்துவ சபையின் பதிவும் தேவை. சில மாத டிப்ளோமாவுக்குப் பெருந்தொகை கேட்டு, முடித்ததும் ஆலோசகர் ஆகலாம் என்பவர்களிடம் பணத்தைக் கட்ட முன்னர் தீர விசாரியுங்கள். சமூகப்பணியையே பட்டமாகப் படிக்க விரும்பும் பிள்ளைக்கு சீதுவையில் அரசாங்கத்தின் தேசிய சமூக அபிவிருத்தி நிறுவகம் இருக்கிறது. எங்கள் பக்கத்தில் பலர் அதன் பெயரையே கேள்விப்பட்டதில்லை என்பது எனக்குப் பெரிய கவலை.

இன்னொரு குறையும் இருக்கிறது. நம் பிள்ளைகள் இந்தப் பாடங்களை நோட்ஸ் பாடமாக்கியே கடந்துவிடுகிறார்கள். ஒரு கேள்விக்கொத்தைத் தயாரிப்பது, மீனவக் குடும்பமொன்றில் பொறுமையாக உட்கார்ந்து பேசித் தகவல் எடுப்பது, கிடைத்ததைப் புள்ளிவிபரமாக்கி அறிக்கை எழுதுவது என்பவைதான் இந்தப் படிப்பின் கைத்தொழில். தொண்டு நிறுவனங்கள் தங்கள் திட்டங்களைக் கண்காணித்து மதிப்பிடுகிறவர்களிடம் எதிர்பார்ப்பதும் சந்தை ஆய்வு நிறுவனங்கள் தேடுவதும் இதைத்தான். புவியியல் படித்தவர் கணினியில் வரைபடம் போடப் பழகினால், வெருகலில் வெள்ளம் வரும்போது எந்தக் குடியிருப்பை முதலில் வெளியேற்றுவது என்று முன்கூட்டியே திட்டமிட உதவ முடியும். கணக்கு வராது என்பதற்காகக் கலைப்பிரிவுக்கு வந்த பிள்ளையிடம் புள்ளிவிபரவியலை விட்டு ஓடாதே என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வேன். உயர்தரத்தில் தர்க்கமும் விஞ்ஞான முறையும் எடுத்தவர்களுக்கு கருதுகோள், பரிசோதனை எல்லாம் ஏற்கெனவே பழக்கம். அவர்கள் தயங்கவே தேவையில்லை.

சாதாரண தரம் முடித்துப் பாடம் தெரிவு செய்யும் பருவத்திலேயே இவற்றைப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். வலயக் கல்வி அலுவலகங்கள் அந்த நேரத்தில் ஒரு நன்னடத்தை உத்தியோகத்தரையும் ஒரு உளவளத்துணையாளரையும் பாடசாலைகளுக்கு அழைத்துவரட்டும். தங்கள் வழிகாட்டல் பக்கத்திலும் வாரம் ஒருவராக, இந்தத் துறைகளில் வேலை செய்யும் கிழக்கு மாகாணப் பட்டதாரிகளை எழுதவையுங்கள். என்ன படித்தார்கள், முதல் வேலை எப்படிக் கிடைத்தது, எந்தத் திறமை இல்லாமல் திண்டாடினார்கள் என்று அவர்களே சொல்லட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
உப்புவெளி, திருகோணமலை.