அந்த மாமா வீட்டுக்கு வந்தாரு

ஏட்டி பூனை,

எட்டு மாசமா ஒரு வரி எழுதலன்னு நீ அனுப்புன அந்த மூஞ்சிய தூக்கி வச்ச ஸ்டிக்கர் பாத்தேன். திட்டிக்கோ. போன் பண்ணலாம்னா உனக்கு ராத்திரி எனக்கு ஸ்கூல், வாய்ஸ் மெசேஜ் போட்டா நீ ரெண்டு மடங்கு ஸ்பீட்ல ஓட்டிக் கேப்ப, இது அப்படி ஓட்டுற விஷயம் இல்ல, அதான் உக்காந்து டைப் பண்றேன். அம்மாவுக்கு முட்டி வலி அப்படியே, சின்னவன் பிளஸ் ஒன், எங்க வீட்டுக்காரருக்கு சுகர் கன்ட்ரோல்ல இருக்குன்னு அவரே சொல்லிக்கறாரு. போதும்ல?

அந்த மாமா வந்தாருட்டி.

ஆமா, அதே ஆளுதான். அப்பா ரிட்டயர்மென்ட் பணத்துல ஆறு லட்சத்த வாங்கிட்டு செக் குடுத்து, செக் திரும்பி வந்து, அப்பா கோர்ட்டு வாசல்ல தலைய தொங்கப் போட்டுட்டு நின்னு, கேஸ் முடியுறதுக்குள்ள போய்ச் சேந்தாங்களே, அந்த ஆளு. குருத்தோலை ஞாயிறுக்கு முந்தின வியாழக்கிழமை மத்தியானம், கொதிக்கற வெயில்ல, கையில முதலூர் மஸ்கோத் அல்வா பொட்டலத்தோட வாசல்ல நிக்காரு. செருப்ப கழட்டிட்டு படியிலேயே உக்காந்து அழுதாரு. "அக்கா என்ன மன்னிச்சிருங்க"ன்னு. கூட வந்த அத்தை செவுத்தப் பாத்துட்டு நின்னா. எனக்கு என்ன தோணுச்சு தெரியுமா, நல்லா அழட்டும், பக்கத்து வீட்டுக்காரங்களும் பாக்கட்டும்னு. நான் சண்டே ஸ்கூல் டீச்சர், மறந்துராத.

அம்மா என்ன பண்ணுனா? "மொதல்ல கை கழுவிட்டு வா, சாப்டு"ன்னா. லெந்து நோன்புன்னு வீட்ல மீன் இல்ல, வெறும் புளிக்கொழம்பும் அப்பளமும், அதுக்கு அம்மா மன்னிப்பு கேட்டா! அவர்கிட்ட! நான் அடுப்படியில நின்னு பல்லக் கடிச்சேன். அவரு சாப்ட்டு முடிச்சு கை கழுவி உக்காந்ததும் அம்மா உள்ள போயி பீரோவுல இருந்து அப்பாவோட நீள நோட்ட எடுத்துட்டு வந்தா. கண்ணாடிய போட்டுட்டு ஒவ்வொரு வரியா சத்தமா வாசிச்சா. ரெண்டு லட்சம், ரெண்டர லட்சம், ஒன்றர லட்சம், தேதியோட. வாசிச்சுட்டு நோட்ட மடியில வச்சுக்கிட்டு, "இத எப்பய்யா தருத?"ன்னா. குரல்ல ஒரு கோவமும் இல்லட்டி. கரண்ட் பில் எவ்வளவுன்னு கேப்பால்லா, அந்த மாதிரி.

அவரு மாசம் பத்தாயிரம் தரேன்னாரு. சரின்னு எழுதிக்கிட்டா. அவ்ளோதான்னு பாத்தா, ரெண்டு நாள் கழிச்சு சர்ச் ஐயர் வந்தாங்க. ஜெபம் பண்ணிட்டு மெதுவா ஆரம்பிச்சாங்க, "கேஸ வாபஸ் வாங்கிட்டா என்னம்மா, மன்னிச்சதுக்கு ஒரு அடையாளமா இருக்கும்ல"ன்னு. கேஸ் தீர்ப்புக்கு பக்கத்துல வந்துருச்சு, அதான் மனந்திரும்புதலும் வந்துருச்சுங்கறது எங்க வீட்டுக்காரர் கட்சி. நான் அப்படி சொல்லல. அழுகை நிஜம் மாதிரிதான் இருந்துச்சு. ஆனா ஐயர் சொன்னது அன்னைலருந்து தொண்டையில முள்ளு மாதிரி நிக்குது.

ஐயர் பைபிள்ல மத்தேயு பதினெட்டத்தான் எடுத்தாங்க, ராஜாகிட்ட பதினாயிரம் தாலந்து கடன் மன்னிக்கப்பட்டவன் நூறு வெள்ளிப்பணத்துக்காக இன்னொருத்தன் தொண்டைய நெரிச்ச கதை. எனக்கும் தெரியும், வருஷா வருஷம் பிள்ளைகளுக்கு நடத்துறதுதான. ஆனா ஐயர் போனதும் ரஃப் பேப்பர்ல கணக்கு போட்டுப் பாத்தேன், கணக்கு டீச்சர் புத்தி. ஒரு வெள்ளிப்பணம் ஒரு நாள் கூலி, ஒரு தாலந்து 6,000 வெள்ளிப்பணம், அப்ப பதினாயிரம் தாலந்து 6 கோடி நாள் கூலி. கூலி 500 ரூபான்னு வச்சா 3,000 கோடி. சரி, அது ராஜா மன்னிச்சது. இந்தப் பக்கம் நூறு வெள்ளிப்பணம், அது 50,000 ரூபா. ஏட்டி, அது சில்லறை இல்ல. ஒரு கூலிக்காரனுக்கு மூணு மாசத்துக்கு மேல சோறு. எல்லாரும் அத ஒண்ணுமில்லாத காசு மாதிரியே பிரசங்கம் பண்றாங்க. இயேசு அப்படி சொல்லலயே. உனக்கு நடந்தது சின்னதுன்னு சொல்லாம, அது பெருசுதான்னு தெரிஞ்சே விடுன்னுல்லா சொல்றாரு? இது ரொம்ப கஷ்டம்.

பெரிய வெள்ளிக்கிழமை இன்னும் மோசம். இயேசு சிலுவையில சொன்ன ஏழு வார்த்தை தியானம், பன்னெண்டுல இருந்து மூணு, நம்ம வார்டன் பாஷையில சொன்னா "தூங்குறவங்க கண்ண தொறந்துகிட்டு தூங்குங்க". ரெண்டாம் வார்த்தைக்கு வந்த பிரசங்கியார் அந்த ஜட்ஜ் கதைய எடுத்துட்டாரு. ஜட்ஜோட கூட்டாளி குற்றவாளிக் கூண்டுல நிக்கான், ஜட்ஜ் முழு அபராதமும் போடுறாரு, அப்புறம் அங்கிய கழட்டிட்டு இறங்கி வந்து தானே கட்டிடுறாரு, நீதியும் ஆச்சு இரக்கமும் ஆச்சு. நாம ஹாஸ்டல்ல எத்தன தடவ கேட்டிருப்போம்! இந்த தடவதான் உறைச்சுச்சு, அந்த கோர்ட்ல பறிகொடுத்தவன் எங்கட்டி? அவன் எந்த பெஞ்சுல உக்காந்திருக்கான்? கதையில அவனுக்கு ஒரு வசனம் கூட இல்ல. ஜட்ஜுக்கு என்ன நஷ்டம், அவரு வீட்டுப் பணமா போச்சு?

அப்புறம் யோசிச்சா, சிலுவையில ஜட்ஜும் பறிகொடுத்தவரும் ஒரே ஆளு. அதத்தான் அந்தக் கதை கோட்டை விட்டுருது. அடி வாங்குனவரே அத தன் கணக்குல எழுதிக்கிடுறாரு. மன்னிப்புன்னா கடன் ஆவியா போயிடாதுல்லா, யாராவது அந்த நஷ்டத்த வாங்கிக்கணும். ஆறு லட்சத்த நாங்க விட்டா அத கட்டுனது அம்மான்னு அர்த்தம். அப்ப விடச் சொல்ற உரிமை அம்மாவுக்கு மட்டும்தான், ஐயருக்கு ஏது? செமினரி அண்ணன்கிட்ட இத சொன்னேன். உடனே அன்செல்ம்னு ஆரம்பிச்சாரு, கேன்டர்பரி ஆர்ச்பிஷப்பு, 1098-ல எழுதி முடிச்ச புத்தகமாம், ஈடு கட்டாம பாவத்த சும்மா விட்டா பாவம் செஞ்சவனும் செய்யாதவனும் தேவனுக்கு ஒண்ணுன்னு ஆயிடும்னு அதுல இருக்காம். அண்ணன் முக்கா மணி நேரம் பேசுனாரு, எனக்கு அந்த ஒரு வரி போதும்.

அதே ரெண்டாம் வார்த்தையில இன்னொண்ணு. பக்கத்து சிலுவையில தொங்குன கள்ளன்கிட்ட இயேசு "இன்றைக்கு நீ என்னுடனேகூடப் பரதீசிலிருப்பாய்"னு சொன்னாரு, சரி. ஆனா அவன சிலுவையில இருந்து இறக்கி விடல. அவனும் கேக்கல. "நாமோ நியாயப்படி தண்டிக்கப்படுகிறோம்"னு அவன் வாயாலயே சொல்லிட்டுத்தான் என்னை நினைச்சுக்கோங்கன்னு கேட்டான். சாயங்காலம் அவன் காலையும் முறிச்சாங்க. மன்னிப்பும் முழுசு, தண்டனையும் நடந்துச்சு. நாப்பது வருஷமா கேக்கற கதை, இப்பத்தான் கண்ணுல படுது.

தொழுநோயாளிங்களுக்கு ஊழியம் பண்ணுன மிஷனரி ஸ்டெயின்ஸ் ஞாபகம் இருக்கா? 1999 ஜனவரி, நாம செகண்ட் இயர், ஒரிசாவுல மனோகர்பூர்ல அவரையும் ரெண்டு பையன்களையும் ஜீப்போட எரிச்சாங்கன்னு நியூஸ் வந்த அன்னைக்கு நீ சாப்பிடல. சில நாள்லயே அவரு மனைவி கிளாடிஸ் மன்னிச்சுட்டேன்னாங்க, நீ "எப்படி இவ்ளோ சீக்கிரம்?"னு கத்துன. மன்னிச்சாங்க, அதுக்காக கேஸு நிக்கல. 2003-ல அந்த கும்பல நடத்துன தாரா சிங்குக்கு தூக்கு, 2005-ல ஹைகோர்ட் அத ஆயுளா குறைச்சுச்சு, 2011-ல சுப்ரீம் கோர்ட்டும் அதையே உறுதி பண்ணுச்சு. மன்னிப்பு வேற, குற்றத்துக்கு வர்ற விளைவு வேறன்னு அந்தம்மா தெளிவா இருந்தாங்க. 2004 வரைக்கும் பாரிபதாவுலயே தொழுநோயாளிங்க கூட இருந்தாங்க. ஐயர்கிட்ட இத சொன்னேன். "அது பெரியவங்க விஷயம்மா"ன்னாங்க. நாங்க சின்னவங்களாம், அதனால கேஸ வாபஸ் வாங்கணுமாம்!

இவ்ளோ வியாக்கியானம் பேசுறேன்ல, ஈஸ்டர் அன்னைக்கு சர்ச்ல நான் ராப்போஜனம் எடுக்கல, அதான் அந்த அப்பமும் ரசமும். பிறரோட சமாதானமா இருக்கறவங்க வாங்கன்னு கூப்பிடுறப்ப எந்திரிக்க முடியல. மூணு வரிசை தள்ளி அவரு தலைய குனிஞ்சு உக்காந்திருந்தாரு, அவரும் போகல. சின்னவன் என்ன பாத்தான், நான் பாட்டுப் புத்தகத்த பொரட்டுனேன். அம்மா முட்டி வலியோட நடந்து போயி வாங்கிட்டு வந்தா. எனக்கு நீதி வேணும் நீதி வேணும்ங்கறேன், நிஜமா எனக்கு வேண்டியது அவரு அந்த படியிலேயே உக்காந்து அழுதுக்கிட்டே இருக்கணும். அதுக்கு நீதின்னு பேரு வச்சிருக்கேன். உன்கிட்ட மட்டும்தான் சொல்றேன், வீட்டுக்காரர்ட்ட கூட சொல்லல.

ஊர ஏமாத்தி வரி வாங்குன சகேயு வீட்டுக்கு இயேசு போறப்ப ஒரு நிபந்தனையும் போடல, பாத்தியா. மொதல்ல வீட்டுக்குள்ள போறாரு, அப்புறம்தான் அவன் எந்திரிச்சு "நாலத்தனையாகத் திரும்பச் செலுத்துகிறேன்"ங்கறான். நான் நாலத்தனைய எண்ணி வாங்கிட்டு அப்புறம் சோறு போடலாம்னு நினைக்கற ஆளு. அம்மாவுக்கு இதெல்லாம் யாரும் சொல்லிக் குடுக்கல, அவளும் யோசிச்ச மாதிரி தெரியல.

கேஸு? வக்கீல்கிட்ட பேசிட்டோம், பணம் கட்டி முடிச்சா கோர்ட்லயே சமரசமா முடிச்சுக்க சட்டத்துல வழி இருக்கு. அதுவரைக்கும் கேஸ் இருக்கட்டும்னுட்டா அம்மா. ஐயருக்கு முகம் கொஞ்சம் சுருங்குச்சு, ஆனா காப்பி குடிச்சுட்டுத்தான் போனாங்க.

நேத்து அத்தை மொத மாச பணத்த கொண்டு வந்தா, எதுல தெரியுமா, சபை காணிக்கை கவர்ல! சிரிச்சுட்டேன். அம்மா மூணு தடவ எண்ணுனா. 9,500 இருந்துச்சு. நோட்டுல 9,500ன்னே எழுதி தேதி போட்டா. மிச்சம் ஐநூறுன்னு நான் இழுத்தேன், "அடுத்த மாசம் பத்தாயிரத்து ஐநூறு குடுப்பான்"னுட்டு அத்தைக்கு காப்பி போடப் போயிட்டா.

டிசம்பர்ல வர்றியா இல்லியா, டிக்கெட் போட்டுட்டு சொல்லு. அல்வா இன்னும் பிரிக்காம ஃப்ரிட்ஜுல இருக்கு.

உன்
குண்டூசி